தேள் முத்திரை இல்லாத கத்தி

“தண்ணி ஏறுது தாயீ! இப்பத் தாண்டலைன்னா இனி ரெண்டு நாளைக்குத் தாண்ட முடியாது!” என்று கத்தினார் வழிகாட்ட வந்த மலைவாசி மாத்தன் காணி.

கோமதி யோசிக்கவே இல்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு காட்டாற்றில் இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள். உடம்பில் தெம்பு இருந்தது. மனசில்தான் இல்லை. அவள் அண்ணன் நெல்லையப்பன் தனியாக இந்த மலைக்குள் வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது.

எல்லாம் கத்தியால் வந்த வினை. நெல்லையப்பனுக்குப் பழைய கத்திகள் சேர்ப்பதில் பைத்தியம். அதிலும் மாசாணம் ஆசாரி அடித்த கத்தி என்றால் சோறு தண்ணி வேண்டாம். அலகின் அடியில் சின்னத் தேள் முத்திரை இருக்கும். ஆசாரி செத்து எண்பது வருஷமாகியும், அந்தத் தேளைக் கண்டால் கத்தி சேர்ப்பவர்கள் கேட்ட விலையைக் கொடுப்பார்கள். அவர் செய்த கத்திகளை ஒரு வேட்டைக்காரர் பெட்டியோடு இந்த மலைக் குகையில் பதுக்கினார் என்று யாரோ சொன்ன பேச்சை நம்பித்தான் நெல்லையப்பன் கிளம்பினான்.

அக்கரை ஏறியபோது மாத்தனின் மூட்டை ஆற்றோடு போயிருந்தது. அதோடு அரிவாளும் போனது. மூன்றாவதாக ஏறி வந்த ஜபருல்லா மட்டும் மார்போடு எதையோ அணைத்துக்கொண்டிருந்தார். அவரும் கத்தி சேர்ப்பவர், நெல்லையப்பனின் சிநேகிதர்.

“என்ன பாய் அது?”

“என் தேள் கத்தி. வீட்ல வச்சிட்டு வர மனசு வரலம்மா.”

கோமதிக்கு ஆத்திரம் வந்தது. விறுவிறுவென்று முன்னே நடந்தாள். மழை விடவில்லை. அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. பதிலுக்கு மழைச் சத்தம்தான். நண்பகலில் சேற்றில் அவனுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“உக்காராதீங்க. குகை கிட்டத்தான்,” என்றார் மாத்தன்.

குகைக்குள் அவன் உயிரோடுதான் இருந்தான்! ஆனால் சரிந்த பாறை ஒன்று இடது காலை நசுக்கிப் பிடித்திருந்தது. குகைக்குள் புகுந்த ஓடைத் தண்ணீர் அவன் மார்பளவு ஏறியிருந்தது.

“ரெண்டு நாளாச்சு,” என்றான் நெல்லையப்பன். உதடு நீலம் பாரித்திருந்தது. “பெட்டியும் கிடைச்சிது கோமு. மேல திட்டுல இருக்கு. ஏழு கத்தி. ஒண்ணுலயும் தேள் இல்ல. எவனோ அடிச்ச கத்தி. இதுக்கா வந்தேன்...”

அண்ணன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

மூவரும் பாறையைத் தள்ளினார்கள். அசையவில்லை. “நெம்புறதுக்கு மரம் வேணும்!” என்று மாத்தன் வெளியே ஓடினார். குகை வாசலில் முழங்கைப் பருமனில் வைரம் பாய்ந்த இளமரம் ஒன்று நின்றது. வெட்டத்தான் ஒன்றுமில்லை.

கோமதி ஜபருல்லாவைப் பார்த்தாள். அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு எண்ணெய்த் துணியைப் பிரித்துக் கத்தியை நீட்டினார். “அடிம்மா!”

அலகை மரத்தில் வைத்து முதுகில் கல்லால் அடித்தாள். மூன்றாவது அடியில் படீரென்று கத்தி இரண்டானது. முறிந்த இடத்தில் மணல் மணலாக, மட்டமான வார்ப்பிரும்பு! யாரோ கண்ட இரும்பில் தேளைக் குத்தி விற்றிருக்கிறார்கள். ஜபருல்லா அந்தத் துண்டுகளைப் பார்த்தபடி மழையில் நின்றார். “இருவது வருஷம்... ஒரு தடவகூட இத வச்சு ஒண்ணும் வெட்டிப் பாக்கலியே,” என்றார்.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது!

கோமதி திட்டில் தாவி ஏறினாள். பெட்டியில் கைக்கு வந்த கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அடித்தாள். இறங்கியது. மறுபடி அடித்தாள். கைத்தோல் உரிந்தது, கல் பிளந்தது, வேறு கல் எடுத்தாள். இருபது அடியோ முப்பதோ! மரம் சாய்ந்தது. அலகில் ஒரு பல்கூட விழவில்லை.

மூவரும் தொங்கி நெம்பினார்கள். பாறை ஒரு சாண் எழும்பியது. “இழுங்க!” என்று மாத்தன் கத்த, கோமதி மரத்தை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். அண்ணனை அக்குளில் கைகொடுத்து இழுத்தபோது தண்ணீர் அவன் வாயைத் தொட்டிருந்தது.

ஆறு வடியும்வரை மேட்டில் இரண்டு நாள் கிடந்தார்கள். பிறகு அதே மரத்தில் தூளி கட்டிச் சுமந்து இறங்கினார்கள். அடிவாரத்தில் ஊரே கூடி நின்றது. ஒருவர் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். கோமதியால் சிரிக்க முடியவில்லை. அண்ணனின் கால் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டது, “மரத்த வெட்டுன அந்தக் கத்தி யாரு செஞ்சதாம் பாய்?”

“தெரியல. இனி தெரியவும் போறதில்ல.” ஜபருல்லா அதைத் துடைத்துக் கட்டிலருகே வைத்தார். “என் கத்தி போலின்னு கத்தி சேக்குற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். முத்திரையப் பாத்தேனே தவிர கத்தியப் பாக்கலன்னும் சொல்லிட்டேன்.”

நெல்லையப்பன் கத்தியை எடுத்து அலகின் அடியை விரலால் தடவினான். வெறுமையாக இருந்தது. அவன் தேடியதும் அங்கே இல்லை, காலும் இல்லை. கத்தியைக் கட்டிலருகே திருப்பி வைத்தான்.

“கோமு,” என்றான் கடைசியில், “பசிக்குது.”

அவன் மலைக்குப் போன நாளிலிருந்து முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள்.