முகம் பார்க்கப்பட்டது

சாப்பாட்டு அறையில் இருபது பிள்ளைகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கரண்டிகூடத் தட்டில் இடிக்கவில்லை. போன் திரையில் அதைக் கண்ட கண்காணிப்பு அதிகாரியின் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. அதை ஓர் ஏப்பமாக வெளியே அனுப்பிவிட்டு, “ஒழுங்கு: மிக நன்று” என்று படிவத்தில் தட்டினார்.

மனம் நொந்துபோன பதின்வயதுப் பிள்ளைகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் விடுதி அது. அதிகாரி அங்கே கடைசியாகக் கால்வைத்து ஏழு வருடம் ஆகிறது. நாற்காலியில் வேர்விட்டு, அடுத்த மழைக்குத் துளிர்க்கவிருந்த மனிதர். வார்டன் வீடியோ காலில் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடப்பார். இவர் ஆபீசிலிருந்தே பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு தரம் போடுவார்.

இன்று ஆபீஸ் வாசல் பெஞ்சில் ஒரு தாய் காத்திருந்தாள். மூன்று வாரமாக மகளின் குரலையே கேட்கவில்லை என்று மனு. இவர் “நலம்” என்று போட்டால் மனு மூடப்படும். மறுத்தால் போலீஸ் போய் விடுதிக் கதவைத் திறக்கும்.

“அந்தப் பொண்ணு எங்கய்யா?”

“ஏழாம் ரூம் சார். அசந்து தூங்குறா.”

“பட்டப்பகல்லயா? குடுத்துவெச்சவ.”

நடைபாதை திரையில் ஆடி ஆடி வந்தது. டியூப்லைட்டின் ரீங்காரமும், ஈரச் சுவரில் வார்டனின் சட்டை உரசும் ஓசையும், எப்படியோ அத்தனை தூரம் தாண்டிவந்த பினாயில் நெடியும் அதிகாரியின் மேஜையைச் சூழ்ந்தன. கட்டில். சுவர்ப்பக்கம் திரும்பிய ஒரு போர்வைக் குவியல்.

“முகத்தைக் காட்டு. ‘முகம் பார்க்கப்பட்டது’ன்னு ஒரு கட்டம் புதுசா வந்திருக்கு. போட்டோ இல்லாம நகர மாட்டேங்குது, சனியன்.”

“நீங்களே பாத்துக்குங்க சார். நான் வெளிய நிக்கிறேன்.”

வார்டன் போனைத் தலையணையில் சாய்த்துவைத்தார். காலடிகள் நடந்தன. பிறகு ஓடின.

“ஏய் பொண்ணு. இங்க பாரு.”

போர்வை அசைந்தது. கூந்தல் மெல்லத் திரும்பியது. நெற்றி.

நெற்றிக்குக் கீழேயும் நெற்றி.

கண் இல்லை. வாய் இல்லை. தோல். கழுவிக் கவிழ்த்த தட்டுபோல வழவழவென்று தோல். அது திரையை நெருங்கியது. தடவித் தேடியது.

கிளிக். பச்சை விளக்கு. “முகம் உறுதியானது.”

அதிகாரியின் வாயில் பிஸ்கட் மண்ணானது.

ஆபீஸ் கதவு திறந்தது. தாய்.

“பாத்தீங்களாய்யா? எப்படி இருக்கா?”

சொல்லலாம். ஒரே ஒரு வார்த்தை. போலீஸ் போகும். ஆனால் ஏழு வருடமும் வெளியே வரும். நாற்காலியும் போகும்.

“நல்லா இருக்காம்மா. வீட்டுக்குப் போங்க.”

“நீங்க தெய்வம்யா.”

அவள் படியிறங்கினாள். அவர் “நலம்” தட்டினார். இணைப்பைத் துண்டித்தார். போனைக் கவிழ்த்தார். இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

விரலிடுக்கில் வெதுவெதுப்பு.

போனைச் சுற்றி மேஜை மரத்தில் ஈரம் படர்ந்தது. நெற்றியளவு. தாடையளவு. அவர் உள்ளங்கைக்கடியில் மேஜை மெல்ல உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது.