மூடாத குழி

அவனுக்கு இடது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. பதினெட்டு வருஷம் மூட்டை சுமந்த தோள். வலதைவிட நாலு விரல் தாழ்ந்தே நிற்கும். காலையிலிருந்து இடுகாட்டு அலுவலகத்தின் ஆவண அறையில் குனிந்து பதிவேடு புரட்டியதில் வலி கழுத்துவரை ஏறியிருந்தது. அறையில் தூசியும் பழைய பசையும் நாறுவதுதான் நியாயம். ஆனால் அப்போதுதான் வெட்டிப் போட்ட மண்ணின் ஈர வாசம் அடித்தது. மழை பெய்து ஐந்து மாதமாகிறது.

நாளைக் காலை வீட்டை இடிக்க வருகிறார்கள். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே இந்த ஊர்க்காரன் என்று காகிதம் காட்டினால் வீடு தப்பும். இடுகாட்டுப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தால்தான் உண்டு, காட்ட வேறொன்றும் இல்லை. கொள்ளுத்தாத்தா ஆற்றோடு போனார். தாத்தா சுரங்கச் சரிவில். கூன் விழுந்த அப்பா கடலில். ஒருத்தர் உடம்பும் கிடைக்கவில்லை.

போனில் மனைவி. "கெடைச்சுதா?"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

"பாத்திரத்த மூட்டை கட்டவா வேண்டாமா, அத மட்டும் சொல்லு."

போனை வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

"செத்தும் கொள்ளுத்தாத்தா உங்கள அலையவிடுறாரே!" குமாஸ்தா சிரித்துக்கொண்டே கொள்ளைநோய் வருஷத்துப் பதிவேட்டைப் போட்டார்.

அதில் இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் பெயர். தொழில், கல்லுடைப்பு. குழி எண் இருநூற்றுப் பன்னிரண்டு. வெட்டிய தேதி இருந்தது. இறக்கிய தேதிக்கான கட்டம் காலி.

கொள்ளைநோயில் செத்துவிட்டார் என்று ஏற்றிய பிணவண்டியிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தவர் அவர். எமனுக்கே டிமிக்கி கொடுத்தவர் என்று அப்பா பீற்றிக்கொள்வார்.

"வெட்டின குழிய காலியா மூட மாட்டாங்க," என்றார் குமாஸ்தா. "ஆள் எறங்குற வரைக்கும் வருஷா வருஷம் புதுப் பதிவேட்டுல ஏத்திக்கிட்டே வரணும். இந்த ஆபீஸ் வழக்கம் அது."

அவன் அடுத்தடுத்த பதிவேடுகளை இழுத்தான். அதே எண், அதே காலிக் கட்டம், ஒரே கையெழுத்து, எண்பது வருஷமாக ஒரே கையெழுத்து. குழியின் அளவு மட்டும் இடையிடையே மாறியிருந்தது. ஓரிடத்தில் ஆறடி, தாத்தா நெட்டை. பிறகு ஐந்தடி ஓரங்குலம், அப்பாவின் கூனுக்கு ஆழம் கூடுதல்.

ஜன்னலுக்கு வெளியே மண்வெட்டிச் சத்தம். சரக். சொத்தென்று மண் விழுந்தது.

"யாரு வெட்டுறா?"

"இன்னிக்கு வெட்டுற ஆளுங்க யாரும் வரலையே."

சரக். சொத்.

இந்த வருஷப் பதிவேடு. ஐந்தடி நாலங்குலம். இடது தோள் தாழ்வு, நாலு விரல்.

தொட்டான். மை விரலில் ஒட்டியது.

எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் வீடு?

"பேரு இருக்கு, அதுவே போதும்," என்றார் குமாஸ்தா, முத்திரையைத் துடைத்தபடி. "வாரிசுன்னு குழிக்குப் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடுங்க. சான்றிதழ் இப்பவே கையில."

மறுபடி போன். "இடிக்க வர்ற ஆளு வாசல்ல சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போறான். நான் என்னதான் பண்ண?" அவள் குரல் உடைந்தது.

சரக்.

"கட்டாத," என்றான். "ஒண்ணையும் கட்டாத. வீடு நமக்குத்தான்."

கையெழுத்தைப் போட்டான்.

சத்தம் நின்றது.

முத்திரை விழுந்தது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். திரும்பியிருக்கக் கூடாது. சாயங்கால வெயிலில் குழி. நேராக வெட்டிய விளிம்பு. ஒரு பக்கம் மட்டும் சரிவு, தோளுக்கு. விளிம்பில் மூன்று பேர். ஒருவர் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நெட்டையானவரின் கண்குழிகளில் கல்தூள். மூன்றாவது ஆள் கூன். மூவர் கையிலும் கயிறு. மூவரும் அவனையே பார்த்தார்கள்.

கூன் விழுந்தவர் தள்ளி நின்று வழி விட்டார்.

கையிலிருந்த சான்றிதழின் கடைசி வரி இன்னும் காயவில்லை.

குழி 212. பாக்கி: உடல் ஒன்று.