கடைசிப் பத்து நிமிடம்

குருவிக்குத் தெரியாத சினிமா முடிவே கிடையாது. அண்ணனும் தம்பியும் எந்தப் பாலத்தின் மேல் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், வில்லன் எந்த மாடியிலிருந்து தலைகுப்புற விழுந்தான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அந்த அண்ணன் தம்பி ஏன் பிரிந்தார்கள், வில்லன் அப்படி என்னதான் செய்தான் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

குருவியின் அம்மா ஒரு சினிமா தியேட்டரில் வேலை பார்த்தாள். படம் முடியப்போகும் நேரத்தில் வெளியே போகும் கதவுகளைத் திறந்துவிட வேண்டும். கூட்டம் போனதும் நாற்காலிகளுக்கு அடியில் கிடக்கும் பாப்கார்னையும் காகிதக் கோப்பைகளையும் பெருக்கித் தள்ள வேண்டும். பள்ளி விட்டதும் குருவி நேராக அங்கேதான் போவாள். வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் உள்ளே உட்காரவே கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் வாசலிலேயே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். அம்மா கதவைத் திறக்கப் போகும்போது மட்டும் கூடவே நுழைந்து, இருட்டில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

அப்போது திரையில் கடைசிப் பத்து நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு சரி, விளக்கு எரிந்துவிடும். ஒரு படம் வாரம் முழுக்க ஓடினால், அதே பத்து நிமிடத்தை வாரம் முழுக்கப் பார்ப்பாள்.

இது பள்ளியில் யாருக்கும் தெரியாது. அங்கேதான் வம்பு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் நான்கு பேர் கூடுவார்கள். அதற்கு ‘சினிமா கூட்டம்’ என்று பெயர். நெட்டை, முட்டை, வக்கீல், குருவி. நெட்டை சண்டைக் காட்சிகளைக் கையையும் காலையும் வீசித்தான் சொல்வான். பக்கத்தில் இருப்பவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முட்டை இடைவேளையில் என்ன சாப்பிட்டான் என்பதைப் படத்தைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பான். எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பெண்ணுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது வகுப்பு டீச்சர்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டதும் வக்கீல்தான்.

“என்ன வேணா பேசலாம். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. எல்லாரும் பார்த்திருக்க மாட்டாங்க இல்ல?”

குருவிக்கு முடிவைத் தவிர வேறு என்ன தெரியும்? அதனால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவளைக் கூட்டத்தில் சேர்த்த அன்றைக்கே நெட்டை வாயைப் பிளந்தான். “உங்கம்மா தியேட்டர்லயா இருக்காங்க? அப்ப நீ எல்லாப் படத்தையும் ஓசியிலேயே பார்ப்பே!”

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் அவளை அப்படி ஆசையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொல்ல மனசு வரவில்லை.

அந்த வாரம் கூட்டத்தில் பேச்செல்லாம் ஒரு நாய் படத்தைப் பற்றித்தான்.

“என் அத்தை பொண்ணு பார்த்துட்டாளாம்,” என்றான் முட்டை. “ரெண்டு கைக்குட்டை நனைஞ்சு போச்சாம். இடைவேளையில வாங்கின ஐஸ்கிரீம் அப்படியே உருகிடுச்சாம். பாவம்.”

“யாரு, நாயா?”

“ஐஸ்கிரீம்.”

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல்கூடச் சிரித்தாள். அவள் சிரித்தே வெகுநாள் ஆகியிருந்தது. அவள் வளர்த்த பட்டாணி என்ற நாய் போன மாதம்தான் செத்துப்போனது. அன்றிலிருந்து அவள் யாரிடமும் வாதாடவில்லை. டீச்சர் கணக்கைத் தப்பாகப் போட்டபோதுகூடச் சும்மா இருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“சனிக்கிழமை மாமா என்னைக் கூட்டிட்டுப் போறார்,” என்றாள் வக்கீல். “நீங்களும் வாங்க. நாய் படம்னா நான் பார்த்தே ஆகணும்.”



அந்தப் படத்தின் முடிவைக் குருவி மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரயில் நிலையத்தில் மழை பெய்கிறது. நடைமேடை ஓரத்தில் ஒரு கிழட்டு நாய். ஒரு பையன் ஓடிவந்து அதைக் கட்டிக்கொள்கிறான். அது அவன் மடியில் தலையை வைக்கிறது. கண்ணை மூடுகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்துகிறார். பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். படம் முடிகிறது. விளக்கு எரிந்தால் தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது.

இதைப் போய் வக்கீல் பார்ப்பதா?

குருவி மென்று முழுங்கினாள். சட்டம் சட்டம்தான். ஆனால் வக்கீலின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வளையத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“போகாதே! அந்த நாய் கடைசியில செத்துப்போயிடும்!”

நெட்டையின் கை பாதி வழியில் நின்றது. வக்கீல் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

“முடிவைச் சொல்லிட்டே!” என்று கத்தினான் நெட்டை. “இத்தனை நாள் வாயே திறக்கல. திறந்தா இப்படியா திறப்பே?”

வக்கீல் சனிக்கிழமை படத்துக்குப் போகவில்லை. நெட்டையும் முட்டையும் போனார்கள். மறுநாளே அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு வேறு படம் போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை குருவி மாடிப்படிக்கு அடியில் போனபோது இரண்டு பேரும் அவளுக்காகவே காத்திருந்தார்கள்.

“நாய் சாகவே இல்ல!” என்றான் நெட்டை.

“என்னது?”

“சாகல! அது தூங்குது. தூங்கறதுக்கும் சாகறதுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா?”

“நான் கண்ணால பார்த்தேன்…”

“நாங்க மட்டும் காதாலயா பார்த்தோம்?” என்றான் முட்டை. “உன்னாலதான் வக்கீல் வரல. இப்ப படமும் போயிடுச்சு. பொய்க்காரி.”

குருவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

அன்று முதல் அவள் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். கூட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள் என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வக்கீல் வகுப்பில் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை. ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவளுக்கு நல்லது செய்கிறேன் என்று போய், கிடைக்க இருந்த ஒரு சந்தோஷத்தையும் பிடுங்கியாகிவிட்டது. இனி எதைச் செய்தாலும் அது சரியாகாது என்று குருவிக்குத் தோன்றியது.

சாயங்காலம் தியேட்டரில் அம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள். குருவி குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

“அம்மா, அந்த நாய் படத்துல நாய் செத்துப்போச்சா?”

அம்மா நிமிர்ந்தாள். “ஆமா, பாவம். எனக்குக்கூட ரெண்டு நாள் மனசே சரியில்ல.”

“சாகலயாம்மா. தூங்குதாம்.”

“அப்படியா?” அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். “எனக்கு என்ன தெரியும் கண்ணு? நானும் உன்னை மாதிரிதானே. கதவைத் திறக்கப் போறப்ப கண்ணுல படுறதுதான். இத்தனை வருஷமா இங்க இருக்கேன், ஒரு படத்தோட தலையைப் பார்த்ததில்ல. வாலை மட்டும்தான் பார்த்திருக்கேன்.”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். குருவிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. அம்மாவும் தப்பாகத்தான் அழுதிருக்கிறாள். தலையைப் பார்க்காதவர்களுக்கு வால் எப்படிப் புரியும்?

‘அப்படியானால் தலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்,’ என்று நினைத்தாள். யாரைக் கேட்பது? பொய்க்காரி என்று சொன்னவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் மதியம் முதலில் வக்கீலின் மேசைக்குப் போனாள்.

“நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

வக்கீல் தலையைத் தூக்கவில்லை.

“நான் இதுவரைக்கும் ஒரு படம்கூட முழுசாப் பார்த்ததில்ல. எங்கம்மா கதவைத் திறக்கறப்ப கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்தான் பார்ப்பேன். அந்த நாய் கண்ணை மூடினதைப் பார்த்தேன். செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டேன். பட்டாணி போய் ரொம்ப நாள்கூட ஆகல, நீ அங்க உட்கார்ந்து அதைப் பார்த்தா என்ன ஆவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன்.”

வக்கீல் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கன்னத்தில் நோட்டின் கோடு பதிந்திருந்தது.

“ஒரு படம்கூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப இத்தனை நாள் நாங்க பேசினதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா?”

“பாதி புரியும். மீதிக்குத் தலையாட்டுவேன்.”

வக்கீலுக்குக் கோபப்படுவதா, பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை. “எப்படியோ, எனக்குப் படம் போச்சு,” என்றாள். “நெட்டையைக் கேட்டேன். ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் சொன்னான். முடிவுக்கு வந்ததும், நாய் சாகல, அவ்வளவுதான்னு முடிச்சுட்டான்.”

“முடிவு எனக்குத் தெரியும்,” என்றாள் குருவி. “ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கேன். ஆரம்பம்தான் தெரியாது. வா, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.”

மாடிப்படிக்கு அடியில் குருவி எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னாள். முட்டை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அதுவே பெரிய மரியாதை.

“முடிவை ஏன்டா இவகிட்ட சரியாச் சொல்லல?” என்று நெட்டையைக் கேட்டாள் குருவி.

நெட்டை காதைச் சொறிந்தான். “கண்ணுல தூசி விழுந்துடுச்சு. சரியாத் தெரியல.”

“ரெண்டு கண்ணுலயும்,” என்றான் முட்டை. “என் சட்டையில வேற துடைச்சான்.”

நெட்டை அவனை முறைத்துவிட்டுக் கதையை ஆரம்பித்தான். இந்த முறை கைகளை வீசவில்லை. பையனும் நாயும் ரயிலில் போகிறார்கள். கூட்டத்தில் நாய் இறங்கிவிடுகிறது, ரயில் போய்விடுகிறது. நாய் அந்த நடைமேடையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு ரயில் வரும்போதும் எழுந்து நின்று ஒவ்வொரு கதவாகப் பார்க்கிறது. மழை வருகிறது, வெயில் வருகிறது. நாய் கிழடாகிறது.

“முக்கியமானது இதுதான்,” என்றான் நெட்டை. “அது தூங்கவே தூங்காது. தூங்கற நேரத்துல அவன் வந்து இறங்கிட்டான்னா? ஸ்டேஷன் மாஸ்டர் தட்டிக் கொடுத்துப் படுக்க வைப்பாரு. ஒரு சத்தம் கேட்டா எழுந்து நிக்கும். படம் முழுக்க அது கண்ணை மூடி யாரும் பார்த்ததே இல்ல.”

குருவியின் உடம்பு சிலிர்த்தது.

“இப்ப நீ சொல்லு,” என்றாள் வக்கீல்.

குருவி சொன்னாள். மழையில் ரயில் வந்து நிற்பதைச் சொன்னாள். நாய் எழப் பார்த்துப் பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்துவிடுவதைச் சொன்னாள். கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பெரிய பையன் இறங்குவதையும், நாய் முதலில் அவன் செருப்பை மோந்து பார்ப்பதையும் சொன்னாள்.

“அப்புறம் அவன் தரையிலேயே உட்கார்ந்துடறான். அது தலையை அவன் மடியில வைக்குது. இன்னொரு ரயில் வருது. பெரிய சத்தம். அது எழுந்திருக்கல. காது மட்டும் லேசா ஆடுது. அப்புறம் கண்ணை…”

குருவி நிறுத்தினாள்.

“கண்ணை மூடுது. ஸ்டேஷன் மாஸ்டர் சட்டையைப் போர்த்தறாரு. அந்தச் சட்டை மேலயும் கீழயும் அசையும். மெதுவா. நான் காத்துல ஆடுதுன்னு நினைச்சேன். காத்து இல்ல. அது மூச்சு விடுது. நல்லாத் தூங்குது.”

நெட்டையின் கண்ணில் மறுபடியும் தூசி விழுந்தது.

வக்கீல் அழுதாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அல்ல, எல்லோருக்கும் முன்னால், வாய்விட்டு அழுதாள்.

“பட்டாணி போனப்ப நான் இங்க ஸ்கூல்ல இருந்தேன்,” என்றாள். “அது வீட்டு வாசல் கேட்டையே பார்த்துட்டு இருந்துச்சாம். நான் போறதுக்குள்ள…”

குருவி அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். முட்டை தன் டப்பாவில் மிச்சம் வைத்திருந்த கடைசித் துண்டு கேக்கை அவள் கையில் வைத்தான். முட்டை யாருக்கும் எதையும் கொடுத்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

மணி அடித்தது.

“டீச்சர் வந்துடுவாங்க,” என்று எழுந்தான் நெட்டை.

“வரட்டும், நான் பேசிக்கறேன்,” என்றாள் வக்கீல், மூக்கைத் துடைத்துக்கொண்டு. பிறகு குருவியின் பக்கம் திரும்பினாள். “அந்தச் சட்டை அசைஞ்சுதுன்னு சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு.”

குருவி சொன்னாள்.