பன்னீர் திராட்சை வாசம்

வைகாசி வெயிலில் தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்து வீட்டுக் கதவைத் தள்ளியதும் ஜெயக்கொடிக்கு முதலில் எட்டியது வாசம்தான். பன்னீர் திராட்சை வாசம். தள்ளுவண்டியில் குவிந்து, வெயிலில் தோல் வெடித்து, சாறு கசிந்து, ஈ மொய்த்துக் கிடக்குமே, அந்தத் திராட்சையின் கனத்த இனிப்பு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் திராட்சை வாங்குவதை அவள் நிறுத்திப் பல வருஷமாகிறது.

“திராட்சை யாரும்மா கொண்டாந்தா?”

நடு அறைக் கட்டிலில் படுத்திருந்த அவளுடைய அம்மா மாயக்காள் தலையைத் தூக்கினாள். “யாரும் வரலயேத்தா. நீதான் வாங்கி ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன். மத்தியானத்துலருந்து கமகமன்னு வருது. எம்புட்டு வாசம்! நாக்குல எச்சி ஊறுது.”

ஜெயக்கொடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாசத்தோடுதான் அவள் பிழைப்பே. ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வுக்கூடத்தில் அவள் ஆராய்ச்சி செய்துவந்தாள். அங்கே தீக்காய வார்டில் ஸ்டவ் வெடித்த பெண்களும், மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்ட பெண்களும், ஊற்றப்பட்ட பெண்களும் வாழையிலையில் கிடப்பார்கள். தீயில் பிழைத்தவர்களைப் பிறகு வந்த கிருமி கொன்றது. கட்டைப் பிரித்தால் துணியோடு தோலும் உரிந்து வரும்; துணியின் உள்பக்கம் மயில் கழுத்து நிறத்தில் சீழ் அப்பியிருக்கும். அழுகல் அழுகலாக நாறினால் தாங்கிக்கொள்ளலாம். இது பன்னீர் திராட்சையாக இனித்தது. அந்த இனிப்பு அவள் புடவையில், தலைமுடியில், தொண்டையில் தங்கியது. ஒருமுறை பழக்கடை வாசலிலேயே வாந்தி எடுத்தாள்.

அந்தக் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மருந்தில் ஊறிய சின்னக் காகித வில்லைகளை மேலே வைத்துப் பார்ப்பது அவள் வேலை. மருந்துக்குப் பலன் இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வெற்று வட்டம் விழும். இதற்கு வட்டமே விழவில்லை. எந்த மருந்தை வைத்தாலும் விளிம்புவரை பச்சையாகப் படர்ந்தது. ஒரு தட்டில் வில்லையின் மேலேயே ஏறிவிட்டிருந்தது.

“தின்னு பாக்குதும்மா, ருசியா இருக்கு போல” என்று பேராசிரியர் கைலாசநாதன் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில், மெத்தை, தண்ணீர்த் தொட்டி, நர்சுகளின் கைகள் என்று எல்லாவற்றையும் துடைத்தெடுத்துச் சோதித்தும், வார்டுக்குள் அது எங்கிருந்து வருகிறதென்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதனால்தான், சொந்த ஊரான வாடிப்பட்டியில் நெல் அவிக்கும்போது அண்டா சரிந்து அம்மாவின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே வெந்நீர் கொட்டியபோது, ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள்.

“அங்க பெரிய பெரிய டாக்டரு இருக்காங்கள்ல? சேத்தா என்ன?” என்றான் கணவன் விருமாண்டி. அவன் தாலுகா ஆபீஸ் கிளார்க்.

“அங்க சேத்தா பொணமாத்தான் கொண்டாரணும் மாமா. நான் பாத்துக்கிறேன்.”

தன் வீட்டுக்கே கூட்டிவந்து பார்த்துக்கொண்டாள். துணிகளை அவித்தாள், கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், புண்ணை ஆஸ்பத்திரியின் கிருமிநாசினியால் கழுவினாள். வார்டு சிஸ்டர் சின்னத்தாய் பெரிய ஜாடியிலிருந்து ஒரு பாட்டிலில் ஊற்றித் தக்கையால் மூடிக் கொடுத்திருந்தாள். “தீந்தா வாங்கிக்கங்க டாக்டரம்மா. இது அட்சய பாத்திரம், தீரத் தீர மேலயே ஊத்திக்குவோம்.” அம்மா அதை மருந்துத் தண்ணி என்பாள். அதில் துணியை நனைத்து முகமும் கையும் துடைத்துக்கொள்ள அம்மாவையும் பழக்கியிருந்தாள் ஜெயக்கொடி.

இப்போது அம்மாவின் கால் கட்டைப் பிரித்தாள். புண் இளஞ்சிவப்பாக இருந்தது. ஓரங்களில் புதுத்தோல் பிடித்திருந்தது. குனிந்து முகர்ந்தாள். மருந்து நெடி மட்டும்தான். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

ஆனால் வாசம் இருந்தது.

பானையை முகர்ந்தாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். பின்கட்டுச் சாக்கடை மூடியைத் தூக்கி, உள்ளே முடியும் சோற்றுப் பருக்கையும் கோழைபோல் திரண்டு கிடந்ததைக் கையாலேயே வழித்தெடுத்தாள். அது விரலிடுக்கில் நூலாக இழுத்தது. அங்கே சாக்கடை நாற்றம்தான் இருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க வீட்டைக் கழுவினாள். வாளியில் கிருமிநாசினியைக் கலந்து தரை, கதவு, கட்டில் கால், தண்ணீர்ப் பானையின் வெளிப்புறம், சுவிட்சுகள் என்று எல்லாவற்றையும் துடைத்தாள்.

மறுநாள் காலையில் விருமாண்டியே மூக்கை உறிஞ்சினான். “ஏ கொடி, என்னமோ சர்பத்துக் கடை மாதிரில்ல மணக்குது.”

மறுபடியும் துடைத்தாள். தரை காய்ந்த பிறகும் உள்ளங்காலில் வழவழத்தது. சோற்றைப் பிசைந்தால் இனித்தது. ரசம் இனித்தது. எச்சிலை விழுங்கினால் அதுவும் இனிப்பது போலிருந்தது. துப்பிக்கொண்டே இருந்தாள். துப்பிவிட்டுத் துடைத்தாள்.

அன்றிரவு அம்மாவுக்குக் குளிர்சுரம் வந்தது. பல் கிட்டித்து நடுங்கினாள். விடிந்ததும் கட்டைப் பிரித்தபோது துணியின் ஓரத்தில், பாசி படிந்த கிணற்றுக் கல்லைப் போல, ஒரு மெல்லிய பச்சைக் கரை.

“சரியாப் போச்சுல்லத்தா?” என்றாள் அம்மா.

“சரியாப் போச்சும்மா.”

பாட்டிலை எடுத்துப் புண்ணின் மேல் தாராளமாக ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

ஆய்வுக்கூடத்தில் கைலாசநாதன், “அம்மாவுக்கு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார். தேவலை சார் என்று பொய் சொன்னாள். சுரம் என்று சொன்னால் வார்டில் சேர்க்கச் சொல்வார். வார்டிலும் இதே பச்சை. வீட்டிலும் இதே பச்சை. வீட்டுக்குள் எப்படி வந்தது? எங்கே ஒளிந்திருக்கிறது? அலமாரியில் இருந்த புற ஊதா விளக்கைப் பையில் போட்டுக்கொண்டாள். இருட்டில் அந்த விளக்கைப் பிடித்தால் அந்தக் கிருமி கசியும் சாயம் பச்சையாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிவிடும்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வந்தாள். விருமாண்டி ஆபீசில் இருந்தான். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து முனகிக்கொண்டிருந்தாள். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைத்து, வாசல் கதவின் மேல் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டாள். உச்சிவெயிலில் வீடு இருண்டது. காற்று அடைபட்டதும் வாசம் சாறாக இறங்கி நாக்கில் படிந்தது. வெளியே தெருவில் ஐஸ் வண்டிக்காரனின் மணி கேட்டு, தேய்ந்து, அடங்கியது.

விளக்கைப் போட்டாள். ரீங்காரம். ஊதா மங்கல். கொடியில் கிடந்த வெள்ளை வேட்டி நீலமாகப் பளிச்சிட்டது. அது இயல்பு, சோப்புத்தூளும் சொட்டு நீலமும் அப்படித்தான் மின்னும். பயப்பட ஒன்றுமில்லை.

கதவுப் பக்கம் திருப்பினாள்.

தாழ்ப்பாளில் பச்சை. ஐந்து விரல்.

சுவிட்சில் விரல். டம்ளர் விளிம்பில் விரல். பானையின் கழுத்தைச் சுற்றிலும், யாரோ நெரித்தது போல, பத்து விரல்.

தரையில் பிடித்தாள். கோலம்போல் வளைவு வளைவாகப் பச்சை ஒளிர்ந்தது. அறை முழுக்க. மூலைவரைக்கும். யாரோ பொறுமையாக, ஒரு இடம் விடாமல் மெழுகியிருந்தார்கள்.

யார்?

தாழ்ப்பாளில் இருந்த தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

கையைத் திருப்பினாள். நகக்கண்களில் பச்சை. ரேகைகளில் பச்சை. கழுவக் கழுவத் தோல் வெடித்திருந்த இடங்களிலெல்லாம் பச்சை.

எதால் கழுவினாள்?

அலமாரிப் பக்கம் திரும்பினாள். அலமாரித் தட்டில் பாட்டில் இருந்தது. விளக்கைத் தூக்க வேண்டியதுகூட இல்லை. சிதறிய ஊதா ஒளியிலேயே அது பச்சையாக எரிந்தது. பாட்டில் முழுக்க.

தக்கையைப் பிடுங்கினாள். திராட்சை முகத்தில் அறைந்தது. தக்கையின் அடியில் சளிபோல ஏதோ தொங்கியது; இழுக்க இழுக்க நீண்டது. தன்னைக் கொல்லவேண்டிய மருந்துக்குள்ளேயே கிருமி குடியிருந்து, அதைத் தின்று வளர்ந்திருந்தது. வார்டில் எல்லாவற்றையும் சோதித்தவள் இதை மட்டும் சோதிக்கவில்லை. கிருமிநாசினியை யார் சோதிப்பார்கள்? காலி செய்யாமல், கழுவாமல், மேலேயே ஊற்றிக்கொண்டு வந்த ஜாடி. இப்போது வார்டில் கட்டு மாற்றும் நேரம். சின்னத்தாய் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருப்பாள்.

ஓடவேண்டும். கதவுப் பக்கம் அடியெடுத்து வைத்தாள். தரை வழவழத்தது.

“ஏத்தா... யாரு, நீயா? என்னத்துக்கு இப்படி இருட்டடிச்சுக் கெடக்கு?”

கட்டில் கிறீச்சிட்டது. அம்மா எழுந்து உட்காருகிறாள்.

“அம்மா, படு. தொடாத. எதையும் தொடாத.”

“மேலெல்லாம் காந்துதுத்தா. நீ சொன்னாப்புல மருந்துத் தண்ணியில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டேன். அப்பப்பத் தொடச்சேன். வாயையும் கொப்புளிச்சேன். இனிச்சுக் கெடக்கு.”

விளக்கைத் திருப்பாதே என்று ஜெயக்கொடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை திரும்பியது.

இருட்டில் ஒரு முகம் மட்டும் மிதந்தது. நெற்றி பச்சை. கன்னம் பச்சை. காது மடல், கழுத்துச் சுருக்கம், மூக்குத்தி ஓட்டை. கண் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிகள். துணி சுற்றியிருந்த கால், துணிக்கு உள்ளிருந்து ஒளிர்ந்தது. முழங்காலைத் தாண்டி. தொடையைத் தாண்டி.

அம்மா சிரித்தாள். பல்லிடுக்கெல்லாம் பச்சை. ஈறெல்லாம் பச்சை.

“என் தாயி, எனக்காக எம்புட்டுப் பாடு படுற. இளைச்சுப் போயிட்டியேத்தா. வா.”

கன்னத்தை வழித்து நெட்டி முறிக்க, ஒளிரும் இரண்டு உள்ளங்கைகள் இருட்டில் அவள் முகத்தை நோக்கி வந்தன. ஈரமாக. இனிப்பாக. மிக மெதுவாக.