சாவியைத் திருப்பாதே!

"ஐயோ... அம்மா...!"

ஜீப்பின் பின் சீட்டிலிருந்து அந்த அலறல் வந்தபோது, வண்டி இன்னும் தண்ணீரைத் தொடக்கூட இல்லை!

முன்சக்கரங்கள் கரைச் சரிவில் இறங்கியிருந்தன. அவ்வளவுதான்.

முன்சீட்டிலிருந்த டிரைவிங் மாஸ்டர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தான்.

பின்னால், மடக்கிய குடையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பருத்த ஆசாமி. ஜீப் ஓட்டப் பழகப் புதிதாகச் சேர்ந்தவர். வந்த நாளிலிருந்து குடையும் கையுமாகத் திரிந்ததில், பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

"என்ன சார், இதுக்கே கத்துறீங்க?"

"ஆறு ரொம்பப் பெருசா இருக்கே மாஸ்டர்... போட்டோவுல சின்னதா இருந்துச்சு!"

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவள் சிரிக்கவில்லை. மாஸ்டருடைய மனைவியின் தங்கை அவள்.

மாஸ்டருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால்... இதே ஆறு! இதே இடம்! இதே ஜீப்!

போன மழைக்காலத்தில் அவன் மனைவி செத்தது இங்கேதான்.

வெள்ளம் கொண்டுபோனது என்று எல்லோரும் நம்பினார்கள். சாகடித்தது யார் என்பது அவனுக்கும் இந்த ஆற்றுக்கும் மட்டும்தான் தெரியும்.

விவாகரத்து கேட்டாள். பயிற்சிப் பள்ளியோ அவளுடைய அப்பா ஆரம்பித்தது. அவள் கேட்டது கிடைத்திருந்தால், மாஸ்டர் நடுத்தெருவில் நின்றிருப்பான்.

போலீசிடம் அழுதுகொண்டே அவன் சொன்ன கதை சுத்தமாக எடுபட்டது. நடு ஆற்றில் இன்ஜின் நின்றுவிட்டது... இவன் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தான்... பயந்துபோன மனைவி கதவைத் திறந்து இறங்கினாள்... வெள்ளம் அடித்துக்கொண்டு போனது... அதற்கப்புறம்தான் இன்ஜின் பிடித்தது!

அன்றோடு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவனை, மச்சினிதான் இன்று மடக்கிவிட்டாள்.

"அக்கா போன இடத்தை நானே ஓட்டித் தாண்டினாத்தான் அத்தான் என் பயம் போகும்."

குடைக்காரரை வைத்துக்கொண்டு கேட்டாள். மாட்டேன் என்றால், ஏன் என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' அவனுக்கு ஆகாது.

"ஆழம் பார்த்தியா?" என்றான்.

"காலையிலேயே கோலை ஊனி நடந்து பார்த்துட்டேன். இடுப்புக்குக் கீழதான். தரையும் கெட்டி."

"மேல மழை பெய்யுது. ஏறிக்கிட்டே இருக்கும். சரி... சீட் பெல்ட்டைக் கழட்டு. கண்ணாடியை எல்லாம் இறக்கு. ஏதாவது ஆச்சுன்னா ஜன்னல் வழியாத்தான் வெளிய போகணும்."

"ஏதாவது ஆச்சுன்னாவா?" குடைக்காரரின் குரல் கீச்சென்று எகிறியது.

மாஸ்டர் காதில் வாங்கவில்லை.

"லோ கியர்ல செகண்ட். நடக்கிற வேகம்தான். முன்னாடி ஒரு அலை எழும்பும், அதை விடாம பின்னாலேயே போ. வேகம் கூட்டினா தண்ணி பானெட் மேல ஏறும். குறைச்சா அலை திரும்பி வந்து இன்ஜினுக்குள்ள பாயும். கிளட்ச்சைத் தொடவே கூடாது."

"சரி அத்தான்."

ஜீப் இறங்கியது.

செம்மண் நிறத் தண்ணீர் பம்பரைத் தொட்டது... ஹெட்லைட்டைத் தொட்டது... கதவிடுக்கு வழியாகச் சிலுசிலுவென்று உள்ளே வந்தது.

"மாஸ்டர், ஷூ நனையுது!"

"ஆத்துல நனையாம வேற எங்க சார் நனையும்? பேசாம உட்காருங்க!"

அதட்டினானே தவிர, அவன் பார்வை தன் பக்கத்துக் கதவின் விளிம்பிலேயே நின்றது.

அன்று அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் இன்று இவன்!

இந்த விளிம்பைத்தான் அவள் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக இவன்தான் பிரித்துவிட்டான். "வேணாங்க... வேணாங்க..." என்று அவள் கெஞ்சியது இப்போதும் காதில் கேட்டது.

மாஸ்டர் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து...

இன்ஜின் நின்றது!

"என்னாச்சு?" மாஸ்டர் பதறிக்கொண்டு கண்ணைத் திறந்தான்.

"தெரியல அத்தான்... தானா நின்னுடுச்சு..."

நட்டநடு ஆறு. தண்ணீர் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே இல்லை. வண்டி லேசாக அசைந்தது. தண்ணீர் சீட்டைத் தொட்டது.

"செத்தோம்... செத்தோம்... செத்தோம்..." பின்னால் குடைக்காரர் முனகத் தொடங்கிவிட்டார்.

அவள் கை சாவியை நோக்கிப் போனது.

"திருப்பாதே! சாவியைத் திருப்பாதே!"

மாஸ்டர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஏன் அத்தான்?"

"பைத்தியமா உனக்கு? நடுத்தண்ணியில நின்ன இன்ஜின் தண்ணி குடிச்சிருக்கும். அதோட ஸ்டார்ட் பண்ணா உள்ள ராடு வளைஞ்சு இன்ஜின் மொத்தமும் போயிடும்! இந்தத் தொழிலுக்கே அரிச்சுவடி இது!"

அவள் மெல்லத் திரும்பினாள். அந்த முகத்தில் பயமே இல்லை.

"அப்போ... அன்னிக்கு நீங்க மட்டும் எப்படி அத்தான் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணீங்க?"

மாஸ்டர் அவள் மணிக்கட்டை விட்டான்.

"அது... அன்னிக்குப் பதற்றத்துல... தோணல..."

"இப்ப மட்டும் பதற்றம் இல்லையா? உங்க கை தன்னால வந்து என்னைத் தடுத்துச்சே!"

"நீ என்ன சொல்ல வர்றே?"

"சரி, திருப்பினீங்கன்னே வெச்சுக்குவோம். நீங்க சொல்ற மாதிரி இன்ஜின் போயிருக்கணுமே? அதே இன்ஜின்தான் இன்னிவரைக்கும் ஓடுது. கழட்டிப் பார்த்த மெக்கானிக் யாராவது உண்டா?"

மாஸ்டர் கரையைத் திரும்பிப் பார்த்தான்.

"அன்னிக்கு வண்டி நிக்கவே இல்ல. என் அக்காவைத் தள்ளிவிட்டுட்டு நேரா கரைக்கு ஓட்டிட்டுப் போயிட்டீங்க. அப்படித்தானே அத்தான்?"

அவள் குரல் உடைந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. ஆனாலும் பார்வையை அவள் விலக்கவில்லை.

மாஸ்டர் அவசரமாகக் கணக்குப் போட்டான். கரைகளில் ஈ காக்கை இல்லை. பின்னால் ஒரு கோழை, பயத்தில் பாதி செத்துக் கிடக்கிறான். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு விபத்து என்று சொன்னால் நம்பமாட்டார்களா என்ன?

நம்புவார்கள்!

"ஆமாம்டி!" சீறினான். "நிக்கவே இல்ல! நான்தான் தள்ளினேன்! அவ மாதிரியே நீயும் நோண்ட ஆரம்பிச்சுட்டே... அவ போன வழியிலேயே போ!"

இரண்டு கைகளும் அவள் கழுத்தை வளைத்தன. திறந்திருந்த ஜன்னல் பக்கமாக அவளை நெட்டித் தள்ளின. தலை வெளியே போய்விட்டது. கூந்தல் தண்ணீரைத் தொட்டது. மூச்சு திணறியது...

க்ளிக்!

மாஸ்டரின் வலது மணிக்கட்டில் இரும்பு ஜில்லென்று இறுகியது.

விலங்கு!

அதைப் பிடித்துப் பின்னாலிருந்து ஒரே இழுப்பு. மாஸ்டர் மல்லாந்து சீட்டில் விழுந்தான். கழுத்தில் குடையின் கூர்முனை அழுத்தியது.

"குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்," என்றார் குடைக்காரர். "ஒரு விரல் அசைஞ்சாலும் குத்திடுவேன் மாஸ்டர். எனக்கு ஏற்கனவே கை நடுங்குது!"

மச்சினி இருமிக்கொண்டே நிமிர்ந்தாள். சாவியைத் திருப்பினாள்.

முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது!

"எ... எப்படி?" மாஸ்டர் விழித்தான்.

"தானா நின்னிருந்தாத்தானே தண்ணி குடிச்சிருக்கும்? நீங்க கண்ணை மூடியிருந்தப்போ நான்தான் ஆஃப் பண்ணேன். உங்க கிளாஸ்ல உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் கேட்ட அன்னிக்கே எனக்குப் பொறி தட்டிடுச்சு. போலீஸ்ல போய்ச் சொன்னேன். பதற்றத்துல மறந்துட்டேன்னு நீங்க தப்பிச்சுடுவீங்கன்னாங்க. அதான் பதற்றத்துலயும் மறக்கமாட்டீங்கன்னு காட்ட வேண்டியதாப் போச்சு."

ஜீப் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. முன்னால் அலை எழும்பியது. அவள் கிளட்ச்சைத் தொடவே இல்லை. எதிர்க்கரை மெல்ல மெல்ல நெருங்கியது.

"சார், கோழை மாதிரி என்னமா நடிச்சீங்க!" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நடிப்பா? சத்தியமா பயந்தேம்மா! எனக்கு நீச்சலே தெரியாது!"

அப்போதுதான் அவள் கண்ணாடியில் கவனித்தாள். விலங்கின் மறுவளையம் இன்ஸ்பெக்டரின் கையிலேயே பூட்டப்பட்டிருந்தது.

"ஐயோ சார், இதை ஏன் உங்க கையில மாட்டிக்கிட்டீங்க? கம்பியில மாட்டியிருக்கலாமே!"

இன்ஸ்பெக்டர் மாஸ்டரை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"வண்டி கவுந்தா, நீந்தத் தெரிஞ்சவன் ஒருத்தன் என்னை விட்டுட்டுப் போகாம இருக்கணும்லம்மா!"