ஒரே நபரா, வேறு நபரா

இடம் தீர்ந்துவிட்டது என்று செல்பேசி நாலைந்து நாளாக அவளை நச்சரித்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் மழை வேறு பிடித்துக்கொண்டது. துணி காயப்போடவும் வழியில்லை. இந்தச் சனியனையாவது ஒழிப்போம் என்று கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து படங்களைக் கழிக்க ஆரம்பித்தாள். மங்கிய படம், விரல் குறுக்கே விழுந்த படம், ஒரே படம் ஒன்பது தடவை என்று தள்ளிக்கொண்டே வந்தவளைப் படச் செயலி நடுவில் மறித்து ஒரு கேள்வி கேட்டது. பக்கம் பக்கமாக இரண்டு வட்டங்கள். ஒன்றில் மூன்று வயது மகளின் முகம். மற்றதில் கூடத்துத் திரைச்சீலையின் ஒரு மடிப்பு. கீழே, 'ஒரே நபரா, வேறு நபரா?'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் செயலிக்குப் பார்வை அவ்வளவுதான். ஒருமுறை கவிழ்த்துவைத்த குடத்தைக் காட்டி, இது உங்கள் மாமனாரா என்று கேட்டிருக்கிறது. இதோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்? பெருவிரலுக்குக் கிட்டே எது இருந்ததோ அதைத் தொட்டுவிட்டு மேலே போனாள். கிட்டே இருந்தது 'ஒரே நபர்'.

கணவனுக்குக் கப்பலில் வேலை. தினமும் படம் அனுப்பி மாளவில்லை என்று அவள் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தாள். மகளின் முகம் எந்தப் படத்தில் தெரிந்தாலும் செயலியே அதை 'வாலு' என்ற ஆல்பத்தில் சேர்த்து அவனுக்கும் காட்டிவிடும். குழந்தையின் சேட்டைக்கு அவன் வைத்த பெயர் அது. மகள் தவழ்ந்தது, நடந்தது, பல் முளைத்தது எல்லாவற்றையும் அவன் அந்த ஆல்பத்தில்தான் பார்த்தான்.

வாலு ஒற்றைக் காலில் மஞ்சள் காலுறையோடு கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இன்னொன்றைக் காலையிலிருந்து காணவில்லை.

செல்பேசி அடித்தது. கணவன்தான்.

"என்ன, இன்னிக்கு ஒரே கர்ட்டனா அனுப்பியிருக்கே?"

"நான் எதையும் அனுப்பலைங்க."

"ஆல்பத்தைப் பாரு. கர்ட்டன், பீரோ சந்து, கதவு மூலை. என் பொண்ணைத் தேட வேண்டியிருக்கு."

பேச்சு பாதியில் அறுந்தது. அவள் ஆல்பத்தைத் திறந்தாள். திரைச்சீலையை ஒட்டி ஓதம் ஏறிய சுவரை வீட்டுச் சொந்தக்காரருக்குக் காட்ட எடுத்த படம், பீரோ கால் உடைந்ததைத் தச்சருக்குக் காட்ட எடுத்த படம், குடிவந்த அன்று சும்மா எடுத்த வாசற்கதவு. எதிலும் மனிதவாடையே கிடையாது. ஆனாலும் ஒவ்வொன்றிலும் செயலி ஒரு வட்டம் போட்டிருந்தது. எல்லா வட்டமும் அவள் இடுப்பு உயரத்தில். விரித்துப் பார்த்தாள். நிழல்தான். அந்த நிழலுக்குள் கண்ணுக்கு இரண்டு குழி, வாய்க்கு ஒன்று. குடிவந்த அன்று வாசலில். பிறகு பீரோ சந்தில். போன வாரம் திரைச்சீலையில்.

ஈரச் சுண்ணாம்பின் வாடை கூடத்தில் கனத்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் மெல்ல உரசின, ஜன்னலை அவளே சாத்தித் தாழ் போட்டிருந்தும் உரசின. அவள் அந்தப் படங்களையெல்லாம் அவசர அவசரமாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்து 'வேறு நபர்' என்பதை அழுத்தினாள். சிறு சக்கரம் சுற்றியது. நின்றது.

ஆல்பத்தில் இப்போது மகளின் முகம் ஒன்றுகூட இல்லை. திரைச்சீலை இருந்தது. பீரோ சந்து இருந்தது.

"வாலு, இங்க வா. அம்மாகிட்ட வா."

குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். சூடாக இருந்தாள், பால் வாசனை அடித்தது, பிடி தாங்காமல் நெளிந்தாள். என் பெண்தான். என் பெண்ணேதான். இந்த மடச் செயலிக்கும் அதைப் புரியவைத்துவிட வேண்டும் என்று கையை நீட்டி இருவரும் விழும்படி ஒரு படம் எடுத்தாள். செயலி மகளின் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டது. அதன் கீழே எழுத்து வந்தது.

'இவர் யார்? பெயர் சேர்க்கவும்.'

அவள் பெயரை அடித்தாள். அவசரத்தில் எழுத்து மாறியது. மறுபடி அடித்தாள். 'இந்தப் பெயரில் வேறு ஒருவர் இருக்கிறார்.'

உடனே கணவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. சந்தோஷமான குரல்.

"இப்ப வந்த படத்துல வாலு ஜோரா இருக்கா. பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு எப்படி எட்டிப் பார்க்குது பாரு, கழுதை. ஆமா, உன் மடியில இருக்கே, அது யார் வீட்டுக் குழந்தை?"

அவள் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் வளையங்கள் உரசின.

ஒன்று. இன்னொன்று.

திரும்பினாள். திரைச்சீலை இடுப்பு உயரத்தில் புடைத்திருந்தது. அடியில் ஒரு சின்னக் கால். மஞ்சள் காலுறை.

மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். மகள் அதைப் பார்த்துவிட்டாள். முகம் கோணியது, கண் நிரம்பியது, வாய் அகலத் திறந்தது.

"அம்மா" என்ற அழுகை திரைச்சீலைக்குள்ளிருந்து வந்தது.