மூலமாதிரி

உள்நோக்கியின் பட்டை நெற்றியில் இறுகியதும் செண்பகவல்லி திரையில் தோன்றிய பத்தியை வாசிக்கத் தொடங்கினாள். கோவில்பட்டி மதிப்பீட்டு மையத்தில் அன்று பிளஸ் டூ பிள்ளைகளின் கூட்டம் வாசல்வரை நின்றது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமானால், இந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு வாசித்துக் காட்டியாக வேண்டும்.

டிஸ்லெக்சியாவா, கவனச் சிதறலா, வெறும் சோம்பலா என்று டாக்டர்களும் ஆசிரியர்களும் மல்லுக்கட்டிய காலம் போய்விட்டது. ஒரு பிள்ளையின் மனதில் எழுத்து எப்படி விழுகிறது, அப்போது என்ன பயம் கிளம்புகிறது, கவனம் எங்கே ஓடுகிறது என்பதையெல்லாம் உள்நோக்கி அப்படியே பிடித்துவிடும். அந்த அகப்பதிவை இன்னொருவர் மாட்டிக்கொண்டால், அந்தப் பிள்ளையின் மனதுக்குள் இருந்தே வாசிக்கலாம்.

அலுவலர் நாகூர் மீரான் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பொருந்தலையேம்மா."

"எதோட சார்?"

"மூலமாதிரியோட. நிஜமாவே டிஸ்லெக்சியா இருந்த ஒரு பிள்ளையோட பதிவு. அதோட ஒத்துப்போனாத்தான் நேரம் குடுக்க முடியும். உனக்குப் பாதிகூட ஒத்துப்போகல."

"ஒரு பக்கம் படிக்கதுக்குள்ள எனக்குத் தலை பிளந்துரும் சார். ஒவ்வொரு வரியையும் ரெண்டு மூணு தடவை படிக்கேன்."

மீரான் கெட்ட மனிதர் இல்லை. அவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், "நான் வேணும்னு செய்யுதேன்னு நினைக்காத. நீயே பாரு, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்துச்சுன்னு" என்று மூலமாதிரியை ஓடவிட்டார்.

செண்பகாவின் முன் ஒரு பாடப்புத்தகம் விரிந்தது. கொம்புகள் தங்கள் எழுத்தை விட்டுப் பக்கத்து எழுத்தில் போய் ஏறிக்கொண்டன. புள்ளிகள் உதிர்ந்தன. மழை என்று தொடங்கிய சொல் மலையாகி நின்றது. அடுத்த வரிக்குத் தாவிய கண்ணோடு ஒரு நினைவும் தாவி வந்தது: வாசிக்கத் தெரியாத மகளின் புத்தகத்தை இரண்டாகக் கிழித்து எறிந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் ஒரு மனிதனின் முதுகு. ‘நான் ஒழுங்கா படிச்சிருந்தா அப்பா போயிருக்க மாட்டாங்க.’

அவள் பட்டையைப் பிடுங்கி மேசையில் போட்டாள்.

"சார், இது நான்."

"என்னது?"

"இந்தப் பிள்ளை நான்தான். அது எங்கப்பா."

மீரான் அவளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். பயிற்சியில் இந்தப் பதிவைப் பார்த்து அவரும் கண் கலங்கியவர்தான். மாநிலத்தின் எல்லா ஆசிரியர்களுக்கும் இதைக் கட்டாயமாகக் காட்டியிருந்தார்கள். கடைசியில் தயங்கித் தயங்கி, "அப்படின்னா இன்னும் நல்லா பொருந்தணுமேம்மா" என்றார்.

செண்பகாவுக்கு அதற்குப் பதில் தெரிந்தே இருந்தது. அது அவளுடைய ஏழாம் வகுப்பு மனது. அதற்குப் பிறகு விரலால் வரியை மறைத்து வாசிக்கவும், சொல்லின் உருவத்தை வைத்து ஊகிக்கவும், கவனம் ஓடும்போது எழுந்து நடந்துவிட்டு வரவும் அவள் பழகியிருந்தாள். இப்போது எழுத்துகள் அவ்வளவாக ஆடுவதில்லை. அவற்றை ஆடாமல் பிடித்து நிறுத்துவதிலேயே அவளுடைய நேரமெல்லாம் கரைந்தது.

அதைப் பழக்கியவர் ரெஜினா டீச்சர். சோதனைக்காக வந்திருந்த முதல் உள்நோக்கியை அவர்தான் வகுப்புக்குக் கொண்டுவந்தார். "பயப்படாதட்டி. நமக்குள்ளதான். பாத்துட்டு அழிச்சிருவேன்" என்று சொல்லித்தான் மாட்டிவிட்டார். பார்த்து முடித்ததும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். உலகத்தில் ஒரே ஒருவருக்குத் தன்னைத் தெரியும் என்ற தைரியத்தில்தான் செண்பகா இத்தனை வகுப்புகளையும் தாண்டி வந்தாள்.

அந்த டீச்சர் இப்போது ஆசிரியர் பயிற்சி மையத்தின் இயக்குநர். செண்பகா நேராக அங்கே போனாள்.

"வாட்டி செண்பகா! எவ்வளவு வளந்துட்ட" என்று எழுந்து வந்த டீச்சர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நின்றார்.

"அழிச்சிருவேன்னு சொன்னீங்க டீச்சர்."

ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்தார். "மனசு வரலட்டி. அதைப் பாத்த பிறகு எத்தனை வாத்தியாருங்க ஓங்குன கைய இறக்கியிருக்காங்க தெரியுமா? உன் பேரை எங்கயும் போடல."

"எங்கப்பாவைப் போட்டுட்டீங்களே. எங்கம்மாகிட்டகூட நான் அதைச் சொன்னதில்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சமும் கள்ளமில்லை. அதுதான் செண்பகாவைச் சுட்டது.

"இப்ப நானே எனக்குப் பொருந்தலையாம். நீங்க சொல்லித் தந்ததைப் படிச்சு மாறுனதுக்கு எனக்குத் தண்டனை. அந்தப் பிள்ளையாவே இருந்திருந்தா நேரம் கிடைச்சிருக்கும்."

"அதை நான் யோசிக்கல" என்றார் ரெஜினா மெல்ல.

மேசைமேல் பயிற்சிக்கான பட்டைகள் கிடந்தன. செண்பகா ஒன்றைத் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு இன்னொன்றை நீட்டினாள். "இப்ப எப்படி இருக்கேன்னு பாருங்க."

ரெஜினா மாட்டிக்கொண்டார். செண்பகா அங்கிருந்த ஒரு சுற்றறிக்கையை வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வரி நின்றது. இரண்டாவது வரியைப் பிடிக்கும்போது முதல் வரி நழுவியது. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்டதும் எல்லாம் கலைந்தது. மறுபடி முதலிலிருந்து. கழுத்து நரம்பு புடைத்தது. பத்தியின் பாதியில் அவள் தலையை நிமிர்த்தி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

செண்பகாவின் கண் வழியே ரெஜினா தன் முகத்தைத் தானே பார்த்தார். செண்பகாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்த முகம் அது. அதில் இனி எதை நம்பி வாசிப்பது என்று தெரியாமல் ஒரு மனது திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தது.

ரெஜினா பட்டையைக் கழற்றினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

பிறகு செண்பகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "செண்பகா, இதைப் பதிவு பண்ணிக்கிடவா? பெரிய பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு மூலமாதிரி வேணும். உனக்கும் நேரம் கிடைச்சிரும். இந்தத் தடவை உன்னைக் கேட்டுட்டுத்தான் செய்யுதேன்."

"என்னோட ஒத்துப்போகாத அடுத்த பிள்ளை என்ன செய்யும் டீச்சர்?"

ரெஜினா மேசைமேல் கிடந்த பட்டைகளைப் பார்த்தார்.

"இப்ப நான் உள்ள என்ன நினைச்சேன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"முழுசா புரிஞ்சுதுட்டி. புரிஞ்சதாலதான் கேக்கேன்."

செண்பகா கையை விடுவித்துக்கொண்டாள். "வேண்டாம்" என்றாள்.

அந்த மார்ச்சில் எல்லாருக்கும் கிடைத்த நேரத்தில்தான் அவளும் தேர்வு எழுதினாள். கடைசி மணி அடித்தபோது அவள் பேனா ஒரு சொல்லின் நடுவில் நின்றது.